மானியப் பணம் யாருக்குப் போனது? மலையகத்தில் பட்டியலைக் கேட்டு வாங்கும் முறை

பசளை மானியம் வந்ததாம். பக்கத்து வயல்காரருக்கு விழுந்ததாம். ஆள் இல்லாத காணிக்கும் கொடுத்தார்களாம். இந்த "ஆம்"களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கமக்காரரின் காரியங்களைப் பார்க்கும் அரச கந்தோரான கமநல சேவை நிலையத்தில் போய் நின்றால், "மேலிருந்து வந்த லிஸ்ட், எங்களுக்குத் தெரியாது" என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான். அந்த லிஸ்ட் அரசாங்கப் பணம் செலவான கணக்கு. அதைக் கேட்டு வாங்கும் உரிமை ஒவ்வொரு பிரஜைக்கும் உண்டு. இலங்கையின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசியலமைப்பின் 14அ உறுப்புரை இதை அடிப்படை உரிமையாகவே வைத்திருக்கிறது.

சட்டம் இருந்தும் பலருக்குப் பட்டியல் கிடைப்பதில்லை. பிழையான கந்தோரில் கேட்கிறார்கள், அல்லது கேள்வியை அகலமாக எழுதி அதிகாரிக்கு மறுக்க வழி வைத்துக் கொடுக்கிறார்கள். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் நாலைந்து வரிதான் பாதி வேலையை முடிக்கும்.

எந்தப் பணம், எந்தக் கந்தோர்

நெல்லுக்கான பசளை மானியப் பெயர்ப்பட்டியல் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. அடியில் கமநல சேவை நிலையம், அதற்கு மேல் மாவட்டக் கமநல அபிவிருத்தி உதவி ஆணையாளர் அலுவலகம், உச்சியில் கொழும்புத் தலைமையகம். வலப்பனை, ஹங்குரான்கெத்த, வெலிமடை, ஊவா பரணகமை பக்கம் வயல் செய்பவர்களுக்கு இதுதான் முதல் வாசல்.

சிறுதோட்டத் தேயிலைக்கான மீள்நடுகை, புதுநடுகை மானியங்களைத் தேயிலைச் சிறுபற்று நில அபிவிருத்தி அதிகாரசபை கொடுக்கிறது. 1975 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த சபை இது. பெரிய தோட்டக் கம்பனிகளின் கணக்கு இங்கே இருக்காது. மிளகு, ஏலம், கராம்பு, சாதிக்காய், கோப்பி ஆகியவற்றுக்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்களம். அதன் தலைமையகம் பேராதனையில். விதைக் கிழங்கு, பசுமைக்குடில், நீர்த்தெளிப்புக் கருவி போன்ற சிறு உதவிகள் பல நேரம் மாகாண விவசாயத் திணைக்களத்தின் பணம். நுவரெலியா, கண்டி, மாத்தளை என்றால் மத்திய மாகாணம், பதுளை என்றால் ஊவா. பயிர் அழிவுக்கான நட்டஈடு கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையின் வேலை. அதை "மானியம்" என்று எழுதிக் கேட்டால் "எங்களிடம் மானியத் திட்டம் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

பணம் யாருடையது என்று தெரியாவிட்டால், பிரதேச செயலகத்தில் ஊகத்துக்கு விண்ணப்பம் போடாதீர்கள். மானியம் கிடைத்த ஒருவரிடம் வங்கிப் புத்தகத்தையோ குறுஞ்செய்தியையோ காட்டச் சொல்லுங்கள். பணம் அனுப்பிய நிறுவனத்தின் பெயர் அல்லது குறியீடு அதில் இருக்கும். பத்து நிமிட வேலை, ஒரு மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஒவ்வொரு அரச அலுவலகமும் தன் தகவல் அலுவலர் யார், மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் யார், கட்டணம் எவ்வளவு என்பதைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 26 ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. சிறிய சேவை நிலையங்களில் தகவல் அலுவலர் இருப்பதில்லை, மாவட்ட அலுவலகத்தில் இருப்பார். யாரையும் நியமிக்காத இடத்தில் அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கொள்ளப்படுவார் என்று 23 ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே "இங்கே அப்படி ஒருவர் இல்லை" என்பது விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பக் காரணமாகாது.

எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது

"மானியம் ஏன் எனக்குக் கிடைக்கவில்லை?", "ஏன் அவருக்குக் கொடுத்தீர்கள்?" என்ற கேள்விகளுக்கு இந்தச் சட்டத்தில் பதில் கிடைப்பது கடினம். சட்டம் தருவது அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தை. காரணம் வேண்டுமானால், காரணம் எழுதப்பட்ட தாளைக் கேளுங்கள்: நிராகரித்த கடிதத்தின் பிரதி, களப் பரிசோதனை அறிக்கை, தெரிவுக்கான சுற்றறிக்கை.

அடுத்த பிழை அகலமாகக் கேட்பது. "கடந்த பத்து வருடத்தில் கொடுத்த எல்லா மானியங்களின் விபரமும்" என்று எழுதினால், ஆவணம் அதிகம் என்று சொல்லி 21 நாள் வரை மேலதிக அவகாசம் எடுக்க அலுவலருக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஒரு சேவை நிலையம், ஒரு போகம், ஒரு திட்டம் என்று ஆரம்பியுங்கள்.

போகத்தின் பெயரைச் சரியாக எழுதுங்கள். பெரும்போகம் ஒக்டோபர் முதல் மார்ச் வரை என்பதால் இரண்டு நிதியாண்டுகளில் விழும். "2024 ஆம் ஆண்டு மானியம்" என்று எழுதினால் சிறுபோகத்தைத் தருவதா, பெரும்போகத்தின் முதல் தவணையைத் தருவதா என்று குழம்பும். பிறகு கூட்டிப் பார்க்கும்போது தொகை பொருந்தாது. "2024/25 பெரும்போகம்" என்றே எழுதுங்கள். தவணையாகக் கொடுத்திருந்தால் "எல்லாத் தவணைகளும்" என்று சேர்த்துவிடுங்கள்.

எந்த நிரலைக் கேட்பது என்பதில்தான் நிதானம் வேண்டும். பெயர், கிராம அலுவலர் பிரிவு, வயல்வெளியின் பெயர், பதிவான பரப்பளவு, அனுமதித்த தொகை, அனுப்பிய தொகை, அனுப்பிய திகதி, திரும்பி வந்திருந்தால் அந்தக் குறிப்பு. இவ்வளவும் போதும். தேசிய அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், தொலைபேசி இலக்கம் வேண்டாம் என்று நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். அவை உங்களுக்கு ஒன்றுக்கும் உதவாது. அவை இருக்கும் ஒரே காரணத்துக்காக முழுப் பட்டியலையும் மறுக்கலாம் என்று நினைக்கும் அலுவலர்கள் இருக்கிறார்கள். மறைக்க வேண்டியதை மறைத்து மிகுதியைக் கொடுக்க வேண்டும் என்று 6 ஆம் பிரிவு சொன்னாலும், அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல் விடுவது நல்லது.

பட்டியலோடு இன்னும் மூன்று தாள்களைச் சேர்த்துக் கேளுங்கள். யார் தகுதி என்று சொல்லும் சுற்றறிக்கை. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் பட்டியலும் காரணமும். அந்தச் சேவை நிலையத்துக்கு வந்த மொத்தத் தொகையும் செலவான மொத்தத் தொகையும். பணம் பெற்றவர்களின் பட்டியல் பாதிக் கதையைத்தான் சொல்லும். மலையகத்தில் பிரச்சினை பெரும்பாலும் பட்டியலில் இல்லாதவர்களிடம் இருப்பதால், நிராகரிப்புப் பட்டியல்தான் அதிகம் பேசும்.

விண்ணப்பம் இப்படி இருக்கலாம்:

"தகவல் அலுவலர் அவர்களுக்கு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பின்வரும் ஆவணங்களின் பிரதிகளைக் கோருகிறேன். (1) ……… கமநல சேவை நிலையப் பிரிவில் 2024/25 பெரும்போகத்தில் நெற்செய்கைக்கான பசளை மானியம் பெற்றவர்களின் பட்டியல், எல்லாத் தவணைகளும்: பெயர், கிராம அலுவலர் பிரிவு, வயல்வெளி, பதிவான பரப்பளவு, அனுமதித்த தொகை, வங்கிக்கு அனுப்பிய தொகை, திகதி, திரும்பி வந்த கொடுப்பனவு. (2) அதே போகத்தில் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களின் பட்டியலும் பதிவான காரணமும். (3) தெரிவுக்குப் பின்பற்றிய சுற்றறிக்கை. (4) அந்தப் பிரிவுக்குக் கிடைத்த, செலவான, மீதியான மொத்தத் தொகை. அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், தொலைபேசி இலக்கம் எனக்குத் தேவையில்லை. அவற்றை மறைத்துத் தரலாம். கணினிக் கோப்பாக இருந்தால் மின்னஞ்சலில் அனுப்பவும். பதிலைத் தமிழில் தரவும். நான் இலங்கைப் பிரஜை."

இதன் கீழ் பெயர், முகவரி, திகதி, கையொப்பம். தகவல் உரிமை விண்ணப்பத்துக்கென்றே ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் உண்டு. அது கையில் இல்லாவிட்டால் வெள்ளைத்தாள் போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுதிக் கொள்ள அலுவலர் உதவ வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கவுண்டரில் கேட்டால் "சட்டப்படி சொல்லத் தேவையில்லை" என்று தணிவாகச் சொல்லிவிடுங்கள். அங்கே ஆரம்பிக்கும் வாக்குவாதம் உங்கள் அடுத்த விண்ணப்பத்துக்கும் பாரமாக வந்து நிற்கும்.

ஊருக்குள் தனியாளாகப் பெயர் போட்டுக் கேட்கத் தயக்கம் இருக்கும். சேவை நிலையத்துக்கு நாளைக்கும் போக வேண்டும் அல்லவா? உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருக்கும் ஓர் அமைப்பும் "பிரஜை" என்ற வரைவிலக்கணத்துக்குள் வருகிறது. ஆகவே சங்கத்தின் கடிதத் தலைப்பில் தலைவர், செயலாளர் ஒப்பமிட்டுக் கேட்கலாம். நேரே தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பவும் தடையில்லை.

நாளும் காசும்

நேரே கொண்டுபோய்க் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். உடனே கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. முத்திரை குத்தித் திகதி போட்ட உங்கள் பிரதியும் போதும். தபாலில் என்றால் பதிவுத் தபால் சிட்டையை விண்ணப்பப் பிரதியோடு குத்தி வையுங்கள். பின்னால் மேன்முறையீட்டில் கேட்கும் முதல் கேள்வியே "எப்போது கொடுத்தீர்கள்" என்பதுதான்.

முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். சனி, ஞாயிறு, போயா, அரச விடுமுறை எதுவும் கணக்கில் இல்லை. ஏப்ரல் முதலாம் திகதி கொடுத்தால் புத்தாண்டையும் தாண்டி மாதத்தின் கடைசி வாரம் வந்துவிடும். முடிவு "தருகிறோம்" என்றால், கட்டணம் கட்டிய நாளிலிருந்து, கட்டணம் இல்லாவிட்டால் முடிவு எடுத்த நாளிலிருந்து, 14 நாட்களுக்குள் ஆவணம் கையில் சேர வேண்டும்.

2017 இல் வெளியான விதிகளின்படி ஏ4 அளவுப் போட்டோ கொப்பி ஒரு பக்கத்துக்கு 2 ரூபா, இரண்டு பக்கமும் அடித்தால் 4 ரூபா. கணினியில் அச்சிட்டால் ஒரு பக்கம் 4 ரூபா. முதல் நான்கு ஏ4 பக்கம் இலவசம். ஆவணத்தை அங்கேயே உட்கார்ந்து பார்ப்பதென்றால் முதல் மணித்தியாலம் இலவசம், அதற்குப் பிறகு மணிக்கு 50 ரூபா. மின்னஞ்சலில் வந்தால் கட்டணமில்லை. 800 பேர் உள்ள ஒரு பட்டியல், பக்கத்துக்கு 30 பேர் என்றால் 27 பக்கம். நாலைக் கழித்து 23 பக்கத்துக்கு 46 ரூபா. ஆயிரக்கணக்கில் கேட்டால் எந்த வீதத்தில் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மிதமிஞ்சிய கட்டணமும் மேன்முறையீட்டுக்கு ஒரு காரணம்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: பதில் கடிதம் தமிழில் வந்தாலும் பட்டியல் சிங்களத்திலேயே இருக்கலாம். இருக்கும் ஆவணத்தின் பிரதிதான் உங்களுக்குக் கிடைக்கும், மொழிபெயர்த்துத் தருவார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். சிங்களம் வாசிப்பவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு பெயர்களைத் தமிழில் பெயர்த்தெழுதுங்கள், ஆனால் மூலத்தை விட்டுவிடாதீர்கள். "முத்தையா", "முத்துசாமி", "முத்துக்கருப்பன்" மூன்றும் ஒரு முதலெழுத்தோடு "முத்து" என்று சுருக்கப்பட்டிருக்கலாம்.

"தனிப்பட்ட தகவல்" என்று மறுத்தால்

அதிகம் கேட்கும் மறுப்பு இதுதான். 5 ஆம் பிரிவின் (1)(அ) தனிப்பட்ட தகவலைப் பாதுகாக்கிறது, உண்மை. ஆனால் அது காப்பது பொது நடவடிக்கையோடும் பொது நலனோடும் தொடர்பே இல்லாத தகவலையும், நியாயமின்றி ஒருவரின் அந்தரங்கத்தில் தலையிடும் தகவலையும்தான். அதிலும் பெரிய பொது நலன் இருந்தால் வெளியிடலாம் என்று அந்த வாசகமே சொல்கிறது. வரிப்பணத்திலிருந்து ஒருவருக்கு எந்தப் பரப்புக்கு எவ்வளவு போனது என்பது பொது நடவடிக்கை. அவருடைய கணக்கு இலக்கம் அந்தரங்கம். இந்தக் கோட்டை உங்கள் விண்ணப்பத்திலேயே போட்டுவிட்டீர்கள் என்றால், மறுப்புக் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு வரி போதும்.

இந்தக் கோடு எங்கே விழ வேண்டும் என்று ஐரோப்பாவிலும் அடிபட்டிருக்கிறார்கள். விவசாய மானியம் பெற்ற எல்லாத் தனிநபர்களின் பெயரையும் கண்டபடி வெளியிடும் விதியை ஐரோப்பிய நீதிமன்றம் 2010 நவம்பரில் செல்லாது என்றது. பிறகு வந்த விதி, ஆண்டுக்கு 1,250 யூரோவுக்கு மேற்படாத சிறு தொகை பெறுவோரின் பெயரை மறைத்துவிட்டு, மற்றவர்களின் பெயர், ஊர், தொகையை வெளியிடச் சொன்னது. நம் சட்டத்தில் அப்படி ஒரு தொகை எல்லை கிடையாது. ஆனால் "பெயரே தர முடியாது" என்று பிடிவாதமாக நிற்கும் அலுவலரோடு பேச அது ஒரு வழி: பெரிய தொகை பெற்றவர்களின் பெயரையும், சிறிய தொகைகளுக்கு வயல்வெளி வாரியான மொத்தத்தையும் முதலில் தாருங்கள், மிகுதிக்கு மேன்முறையீடு செய்கிறேன் என்று கேட்கலாம்.

இரண்டாவது மறுப்பு "ஒவ்வொரு கமக்காரரிடமும் சம்மதம் கேட்க வேண்டும்". இது 29 ஆம் பிரிவு. மூன்றாம் நபர் ஒருவர் இரகசியம் என்று கருதிக் கொடுத்த தகவலுக்கு அது பொருந்தும். அலுவலகமே தயாரித்த கொடுப்பனவுப் பட்டியலை ஒரு கமக்காரர் இரகசியமாகக் கொடுத்தார் என்று எப்படிச் சொல்ல முடியும்? இதே கேள்வியை மேன்முறையீட்டில் எழுதுங்கள்.

மூன்றாவது, "ஆவணம் இல்லை, அழித்துவிட்டோம்". 7 ஆம் பிரிவுப்படி, சட்டம் வந்த பிறகு உருவான ஆவணங்களை 12 வருடங்களுக்குப் பேண வேண்டும். 2024 இன் பட்டியல் இல்லை என்றால், எந்த உத்தரவில், எப்போது, யார் அழித்தார் என்ற பதிவைக் கேளுங்கள். பெரும்பாலும் இந்த இரண்டாவது கடிதம் போனதும் பட்டியல் தானாகக் கிடைத்துவிடும்.

மறுப்பு எதுவானாலும் வாயால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். எழுத்தில் இல்லாத மறுப்பை, பதிலே வரவில்லை என்று எடுத்துக்கொண்டு நாட்களை எண்ணுங்கள்.

மேன்முறையீடு

முதல் படி அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலர். மறுப்புக் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத வேண்டும். பதிலே வராவிட்டால் அந்தத் தாமதமே காரணம். அரைகுறையாகவோ பிழையாகவோ வந்தாலும் இங்கேதான். ஆர்.டி.ஐ. 10 படிவம் இதற்கானது. அவருக்கு மூன்று வாரம் இருக்கிறது.

அதிலும் பயன் இல்லாவிட்டால் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. இரண்டு மாதங்களுக்குள் அனுப்புங்கள். விண்ணப்பம், பற்றுச்சீட்டு, வந்த பதில், முதல் மேன்முறையீடு, அதற்கான பதில் ஆகிய பிரதிகளைத் திகதி வரிசையில் அடுக்கி, முதல் பக்கத்தில் எந்தத் திகதியில் என்ன நடந்தது என்று ஐந்தாறு வரியில் எழுதுங்கள். வாதத்தை விட இந்தத் திகதி வரிசைக்குத்தான் வேகம் அதிகம். தகவலை மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலகத்தின் தலையில் இருக்கிறது, உங்கள் தலையில் இல்லை. சட்டத்தரணி கட்டாயமில்லை. அதற்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருந்தாலும் மானியப் பட்டியல் ஒன்றுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டி வருவது அரிது.

மேன்முறையீட்டுக் காலக்கெடு தவறிப் போனால் அழவேண்டாம். அதே கேள்வியைப் புதிய விண்ணப்பமாகப் போட்டு, நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.

பட்டியல் கைக்கு வந்த பிறகு

முதலில் வீதத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு 2024/25 பெரும்போகத்தில் நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, ஒருவருக்கு 2 ஹெக்டேயர் வரை. ஆகவே ஒரு பெயருக்கு எதிரே 50,000 ரூபாவுக்கு மேல் ஒரு தொகை இருந்தால் அந்த வரியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு.

ஆனால் நம் ஆட்கள் பேசுவது ஏக்கரும் ரூட்டும் பேர்ச்சும். பட்டியல் பேசுவது ஹெக்டேயர். ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர், ஓர் ஏக்கர் 4 ரூட், ஒரு ரூட் 40 பேர்ச். 25,000 வீதத்தில் ஏக்கருக்கு ஏறத்தாழ 10,117 ரூபா, ரூட்டுக்கு 2,529, பேர்ச்சுக்கு 63. பதிவேட்டில் ஏக்கரை 0.4 ஹெக்டேயர் என்று சுருக்கி எழுதியிருந்தால் ஏக்கருக்கு 10,000 ரூபாதான் வரும். அந்த 117 ரூபா வித்தியாசம் களவில்லை, தசமப் புள்ளி. இதைத் தெரியாமல் "எல்லோருக்கும் நூறு ரூபா வெட்டியிருக்கிறார்கள்" என்று கூட்டத்தில் எழும்பினால், அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையான பிழையையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பிறகு வயல்வெளி வாரியாகப் பரப்பைக் கூட்டுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் பலமான சோதனை. ஒரு வயல்வெளி மொத்தம் 30 ஏக்கர் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பட்டியலில் அதே வயல்வெளியின் பெயரில் 44 ஏக்கருக்குப் பணம் போயிருந்தால் யாருடைய பெயரையும் சொல்லாமலேயே கேள்வி கேட்கலாம். தரிசாகக் கிடக்கும் வயல், வீடு கட்டிய வயல், மரக்கறிக்கு மாற்றிய வயல் இவை பழைய பதிவேட்டில் இன்னும் நெல்லாகவே இருக்கும். பிழை பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. காணிப் பதிவேட்டைப் புதுப்பிக்காமல் ஒவ்வொரு போகமும் முந்திய பட்டியலையே எடுத்து அனுப்பும் வழக்கம் இருந்தால் பிழையும் போகத்துக்குப் போகம் அப்படியே நடந்து போகும். பதிவேடு கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று அடுத்த விண்ணப்பத்தில் கேளுங்கள்.

ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் அவசரப்படாதீர்கள். ஒருவருக்கு இரண்டு இடத்தில் வயல் இருக்கலாம், தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே முதலெழுத்து இருக்கலாம், முதலாம் இரண்டாம் தவணைகள் தனித்தனி வரியாக இருக்கலாம். இறந்தவரின் பெயர் இருந்தால், காணி இன்னும் பெயர் மாறவில்லையா, மனைவி பிள்ளைகள் உண்மையிலேயே செய்கிறார்களா என்று பாருங்கள். அவர்கள் செய்கிறார்கள் என்றால் அது பதிவேட்டுப் பிழை. எவரும் செய்யாமல் பணம் மட்டும் எடுக்கப்பட்டால் அது வேறு கதை.

காணிக்காரருக்குப் பணம் போய், விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குச் செய்பவருக்குப் போகாமல் இருப்பது இன்னொரு வகை. சுற்றறிக்கை இங்கேதான் உதவும். மானியம் சொந்தக்காரருக்கா, செய்பவருக்கா என்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பந்தியின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"அனுப்பிய தொகை"யும் "திரும்பி வந்தது"ம் தனித்தனியாக இருந்தால் இன்னொரு வேலை சுலபமாகும். பெயர் பட்டியலில் இருந்தும் பணம் கிடைக்காதவர்களில் சிலருடைய கணக்கு இலக்கம் பிழையாக எழுதப்பட்டிருக்கும், அல்லது கணக்கு மூடிக் கிடக்கும். இவர்களுக்குச் சண்டை தேவையில்லை. சேமிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் போட்டோ கொப்பி எடுத்து ஒரு கடிதத்தோடு கொடுத்தாலே போதும்.

தேயிலை மானியத்தைச் சரிபார்ப்பது வேறு விதம், அதற்குக் காலம்தான் சாட்சி. மீள்நடுகை மானியம் வேலை நடக்க நடக்கத் தவணையாகக் கொடுபடும், ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் களப் பரிசோதனை இருக்க வேண்டும். ஆகவே பெயரும் தொகையும் மட்டும் வாங்காமல், தவணை இலக்கம், பரிசோதித்த திகதி, அறிக்கையின் பிரதி மூன்றையும் கேளுங்கள். பழைய தேயிலையைப் பிடுங்கிய பிறகு கோதமாலாப் புல்லோ மானாப்புல்லோ நட்டு நிலத்தை ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆறப்போடுவது முறை. பிடுங்கிய தவணையும் கன்று நட்ட தவணையும் ஆறு மாத இடைவெளியில் கொடுபட்டிருந்தால், ஒன்றில் புல் நடவே இல்லை, இல்லாவிட்டால் அறிக்கை மேசையில் எழுதப்பட்டது. கன்றுக் கணக்கும் இருக்கிறது. 4 அடிக்கு 2 அடி இடைவெளியில் ஓர் ஏக்கருக்கு 5,445 கன்று பிடிக்கும். பாதை, கான், கல் என்று கழித்தாலும் ஓர் ஏக்கர் நட்டதாகச் சொல்லி 2,000 கன்றுக்குத்தான் நாற்றுமேடைச் சிட்டை இருந்தால் அது ஒத்துவராது.

தோட்டக் காணியில் மரக்கறி செய்பவர்கள்

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் லீக்ஸும் கோவாவும் கிழங்கும் போடும் ஆயிரக்கணக்கானோர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் செய்வது கம்பனிக்குக் குத்தகைக்குப் போன அரச காணி. கையில் காணி உறுதிப் பத்திரமும் இல்லை, விவசாயக் காணிப் பதிவேட்டில் பெயரும் இல்லை. இவர்கள் பட்டியலைப் பார்த்து "என் பெயர் இல்லை" என்று கேட்டால் கிடைக்கும் பதில் தெரிந்ததே.

கேட்க வேண்டியது வேறு. குறிப்பிட்ட திட்டத்துக்குக் காணி உரிமைக்கான ஆதாரமாக எவை ஏற்கப்படும் என்று சொல்லும் சுற்றறிக்கைப் பந்தி. உறுதி இல்லாமல் விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை. அந்தக் கிராம அலுவலர் பிரிவில் தோட்டக் குடியிருப்பாளர் எத்தனை பேர் மானியம் பெற்றார்கள் என்ற தொகை. ஆதாரப் பட்டியலில் தோட்ட நிர்வாகத்தின் கடிதமோ கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோ ஏற்கப்படும் என்று இருந்தால், அடுத்த போகத்துக்கு முன்பே அதை வாங்கி வைக்கலாம். இல்லை என்று இருந்தால், அந்தப் பந்தியே மாகாண சபைக்கும் அமைச்சுக்கும் எழுதும் கடிதத்தின் முதல் வரி.

தனியார் கம்பனி நிர்வாகத்திடம் இந்தச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு நாளை வீணாக்காதீர்கள். அரசின் ஜனவசம எனப்படும் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தும் தோட்டங்கள் வேறு, அவற்றிடம் கேட்கலாம்.

ஊரில் ஒட்டுவதற்கு முன்

பட்டியலை வாங்கிய அன்றே பேஸ்புக்கில் போடுவதுதான் பலர் செய்யும் பிழை. முதலில் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் வாசியுங்கள். இரண்டு வாரம் அவகாசம் கொடுத்து, பிழை என்று சொல்பவர்களின் விளக்கத்தை எழுதி எடுங்கள். நீங்கள் பென்சிலால் போட்ட கோடுகளில் பல இந்த இரண்டு வாரத்தில் அழிந்துவிடும். அழியாமல் மிஞ்சுவதுதான் பேச வேண்டியது.

பலகையில் ஒட்டும் தாளில் பெயர், வயல்வெளி, பரப்பு, தொகை, போகம், எந்த அலுவலகம் எந்தத் திகதியில் தந்தது என்பவை மட்டும் இருக்கட்டும். தவறி அடையாள அட்டை இலக்கத்தோடு பிரதி வந்திருந்தால் கறுப்பு மையால் அழித்து, அந்த அழித்த தாளை மறுபடி போட்டோ கொப்பி எடுத்து அதை ஒட்டுங்கள். வெறும் மைக்குப் பின்னால் வெளிச்சத்தில் இலக்கம் தெரியும். "களவு", "ஏமாற்று" போன்ற சொல் எதுவும் தாளில் வேண்டாம். மானநட்ட வழக்கு இன்னும் இருக்கிறது. இணையத்தில் போட்டால் 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. தொகையையும் பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வாசிப்பவருக்கு விளங்கும்.

விளக்கமே இல்லாமல் மிஞ்சிய வரிகளை எடுத்துக்கொண்டு முதலில் மாவட்ட உதவி ஆணையாளருக்கு எழுத்தில் கொடுங்கள். பிரதி கணக்காய்வாளர் நாயகத்துக்கு. அவருடைய திணைக்களம் ஒவ்வொரு நிறுவனத்தையும் வருடாந்தம் பார்க்கிறது, குறிப்பான வயல்வெளியும் தொகையும் திகதியும் உள்ள முறைப்பாடு அவர்களுக்கு வேலையைச் சுருக்கும். கையூட்டு வாங்கிப் பெயர் சேர்த்ததற்கு ஆதாரம் இருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்குச் சொல்லலாம். ஆதாரம் என்பது சிட்டை, செய்தி, நேரில் கண்டவர். ஊர்ப்பேச்சு ஆதாரமில்லை.

அடுத்த போகத்துக்கான விண்ணப்பத்தை, பணம் அனுப்பி முடிந்ததாகச் சேவை நிலையம் அறிவித்த வாரத்திலேயே போடுங்கள். அப்போது கோப்பு மேசையில் இருக்கும், பட்டியலைத் தயாரித்தவரும் இடமாற்றம் ஆகாமல் அங்கேயே இருப்பார்.